இரவல் குடுக்காத இரண்டு ஸ்ராண்ட்

எங்கடை பகுதி வாகனம் திருத்துறவையின்ரை சங்கம் இந்த வரியம் ஒரு மலர் போடுதாம். அதுக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தரவேணும் எண்டு செயலாளர் மூண்டு தரம் என்ரை படலையைத் திறந்திட்டார். தலைப்பும் அவரே கொண்டு வந்தவர்: வீட்டிலை ஜீப் தூக்கிறவை ஜக்கும் ஸ்ராண்டும் எப்பிடிப் பார்த்து வாங்கவேணும். "ஐயா, இப்ப எல்லாரும் வீடியோவைப் பார்த்துப்போட்டுத் தாங்களே வாகனத்துக்குக் கீழை பூருறாங்கள். நீங்கள் சொன்னால் கேப்பாங்கள். ஒரு உயிரைக் காப்பாத்தின ஆள் அல்லோ நீங்கள்" எண்டார். கட்டுரைக்கு மேலை போடுறதுக்கு, எனக்குப் பொன்னாடை போர்த்தின படத்தையும் போனிலை எடுத்து வைச்சிருக்கிறார்.

அந்தப் பொன்னாடை அலுமாரிக்கை கிடக்கு. பூச்சி அரிச்சால் எனக்குச் சந்தோசம். நான் எழுதுறன் தம்பி, ஆனால் நீங்கள் கேட்ட மாதிரி எழுத மாட்டன். படிச்சுப்போட்டு மலரிலை போடுறதெண்டால் போடுங்கோ, இல்லாட்டி அடுப்பிலை போடுங்கோ.

முதலிலை கேட்டதைச் சொல்லிப்போடுறன். ஜீப் எண்டால் சின்னக் கார் இல்லை. ஆளும் சாமானும் ஏத்தாமலே ரெண்டு தொன் வரும். வாகனத்தோடை தாற ஜக் றோட்டிலை காத்துப்போன சில்லு மாத்திறதுக்கு மட்டும்தான், அதை நம்பித் தலையைக் கீழை விடாதையுங்கோ. போத்தல் மாதிரி நிமிர்ந்து நிக்கிற ஜக் நல்லாய்ப் பாரம் தூக்கும், ஆனால் அடி சின்னன், மண்ணிலை வைச்சால் குத்திக்கொண்டு இறங்கும். சில்லுப் பூட்டின றொலி ஜக் நல்ல சாமான். ஒண்டை மட்டும் மறக்கக்கூடாது. அது தூக்கத் தூக்க, கொஞ்சம் கொஞ்சமாய் உருண்டு உள்ளுக்குப் போகவேணும். சீமெந்து நிலமெண்டால் உருளும். எங்கடை செம்மண் முற்றத்திலை, அதுவும் மழை பேஞ்ச அடுத்த நாள், அந்தச் சின்னச் சில்லுகள் புதைஞ்சுபோம். உருள ஏலாட்டி அது ஜீப்பைத் தன்ரை பக்கம் இழுக்கும். ஜக்கிலை எத்தினை தொன் எண்டு எழுதியிருக்கிறதை மட்டும் பார்த்து வாங்கிறவன் விசரன். எவ்வளவு உயரம் தூக்கும் எண்டு பாருங்கோ. ஜீப்பின்ரை வில்லு, அந்த ஸ்பிறிங், நெடுக இறங்கும். உடம்பு மேலை போய்க்கொண்டு இருக்கும், சில்லு நிலத்தை விடாது.

ஜக் தூக்கத்தான். தாங்கிறது ஸ்ராண்ட். நாலு காலிலை அகட்டி நிக்கிற இரும்பு, நடுவிலை பல்லு வைச்ச தண்டு, தண்டு வழுக்காமல் குறுக்காலை செருகிற ஊசி. ஊசி இல்லாததை வாங்காதையுங்கோ. சோடியாய் வாங்குங்கோ. மண் நிலமெண்டால் கீழை தடிச்ச பலகை போடுங்கோ. அடிச்சட்டத்துக்குக் குடுங்கோ, கதவுக்குக் கீழை கிடக்கிற தகரத்துக்குக் குடாதையுங்கோ. நிலத்திலை நிக்கிற சில்லுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் அடை வையுங்கோ. ஹான்ட்பிரேக் பின்சில்லைத்தான் பிடிக்கும், பின்பக்கத்தைத் தூக்கினாப்பிறகு அது இருந்தும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான். சீமெந்துக் கல்லை ஒருநாளும் வைக்காதையுங்கோ. அது சொல்லிப்போட்டு உடையிற சாமான் இல்லை.

அவ்வளவுதான். செயலாளர் கேட்ட கட்டுரை முடிஞ்சுது. இனி நான் எழுதவேண்டியதை எழுதுறன்.

நான் யாழ்ப்பாணம் டவுனிலை ஒரு கராச்சுக்குப் போய்ச் சேர்ந்தது பதினேழு வயதிலை. முதல் மூண்டு வரியமும் ஒயில் துடைச்சது, நட்டுப் பொறுக்கினது, தேத்தண்ணி வாங்கினதுதான். அதை விரிச்சு எழுதினால் உங்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. எழுதவேண்டியது கராச்சிலை எங்களை மேய்ச்ச மேலாள், எங்கடை போமன் செபமாலையைப் பற்றி.

ஆள் குருநகர். தகப்பனும் சகோதரங்களும் கடலுக்குப் போக, இவர் ஒருத்தர்தான் என்ஜினுக்குப் பின்னாலை வந்தவர். சத்தம் போடமாட்டார். கெட்ட வார்த்தை வராது. நாங்கள் பிழை விட்டால் வாயிலை இருக்கிற சுருட்டைக் கையிலை எடுப்பார், அவ்வளவுதான். சுருட்டு வாயிலை இருக்குமட்டும் தப்பினம், கைக்கு வந்திட்டால் துலைஞ்சம் எண்டு எங்களுக்கு விளங்கும்.

ஒரு வாகனத்தை ஸ்ராண்டிலை ஏத்தினால் அவர் வந்து பாராமல் ஒருத்தரும் கீழை போகக்கூடாது. வருவார். முதலிலை நிலத்தைப் பார்ப்பார். பிறகு குந்தியிருந்து ஸ்ராண்டின்ரை பல்லையும் ஊசியையும் பார்ப்பார். எழும்பி இடுப்பாலை மூண்டு இடி இடிப்பார், முன்னுக்கு ஒண்டு, பக்கத்திலை ஒண்டு, பின்னுக்கு ஒண்டு. கழட்டின சில்லைக் காலாலை உருட்டி அடிச்சட்டத்துக்குக் கீழை படுக்க விடுவார். எல்லாம் பிழைச்சாலும் வாகனம் அந்தச் சில்லிலை வந்து இருக்கட்டும் எண்டு. ஜக்கை இழுத்தெடுக்க விடமாட்டார், அது முட்டினாப்போலை நிக்கவேணும். கடைசியாய்க் கேப்பார்: "ஆர் வைச்சது?"

வைச்சவன் "நான்" எண்டு சொல்லவேணும்.

"அப்ப நீ போ."

ஸ்ராண்டை வைச்சவன்தான் முதலிலை கீழை போகவேணும். இது எங்கடை கராச்சின்ரை சட்டம். ஒருத்தன் வைச்சதுக்குக் கீழை இன்னொருத்தனை அவர் ஒருநாளும் அனுப்பினதில்லை.

ஒருக்கால் நான் மாட்டுப்பட்டன். சித்திரை வெயில். உள்ளுக்கு இடமில்லாமல் ஒரு லொறியை வெளியிலை தார் ஊத்தின இடத்திலை தூக்கி ஸ்ராண்ட் குடுத்திட்டு, வந்து பாருங்கோ எண்டு கூப்பிட்டன். அவர் வந்து நிலத்தைப் பார்த்தார். சுருட்டு கைக்கு வந்திட்டுது. "ஆர் வைச்சது?" எண்டார். "நான்" எண்டன். "அப்ப நீ போ" எண்டார். எனக்கு என்ன பிழை எண்டு தெரியேல்லை. குனிஞ்சன். குனிஞ்ச கையோடை என்ரை சேட்டுக் கொலரிலை பிடிச்சு இழுத்துப் பின்னாலை விட்டார். பிறகு போய் இடுப்பாலை ஒரு இடி. இளகின தாருக்கை ஸ்ராண்டின்ரை ஒரு கால் பொசுக்கெண்டு இறங்கிச்சுது. லொறி ஒரு பக்கம் சரிஞ்சு, முட்டினாப்போலை நிண்ட ஜக்கிலை போய்ப் பாரத்தைக் குடுத்துது. அவர் சுருட்டைத் திரும்ப வாயிலை வைச்சுக்கொண்டு, "பலகை ஒண்டு எடுத்துக்கொண்டு வா" எண்டார்.

அவர் வேலையை விட்டுப் போகேக்கை எனக்கு ரெண்டு ஸ்ராண்ட் தந்தவர். பழைய லொறி அக்சில் குழாயை வெட்டித் தானே வெல்டிங் பண்ணினது. கையாலை தூக்கேக்கையே அது ஆற்றை கைவேலை எண்டு தெரியும், அவ்வளவு பாரம். "இரவல் குடாதை. வெளியிலை போன ஸ்ராண்ட் என்ன பாடு பட்டுத் திரும்பி வந்தது எண்டு உனக்குத் தெரியவராது" எண்டு சொல்லித் தந்தார். நல்ல புத்திதான். அந்தப் புத்தியை நான் எதுக்குப் பாவிச்சன் எண்டதுதான் இந்தக் கட்டுரை.

இனி ஒரு பனங்குத்தியின்ரை கதைக்கு வாறன். என்னைப் பெத்த ஐயா ஒரு பழைய இங்கிலிசுக் கார் வைச்சிருந்தவர். என்ரை தங்கச்சி ராணியைக் கலியாணம் முடிச்சுக் குடுக்கேக்கை அதையும் சீதனத்தோடை சேர்த்துக் குடுத்தார். அப்பிடித்தான் அந்தக் கார் சண்டிலிப்பாயிலை அவளின்ரை புருசன் குணம் மச்சானின்ரை வளவுக்குப் போனது. மச்சான் கந்தோரிலை கிளாக்கர். காரைப் பிள்ளை மாதிரித் துடைப்பார், பொனற்றைத் திறக்கப் பயப்பிடுவார்.

சண்டைக் காலத்திலை பெற்றோல் வாறது நிண்டுபோச்சு. கொஞ்ச நாள் மண்ணெண்ணெயிலை ஓடினம். பிறகு ரயரும் இல்லை. நிலத்திலை நிண்டால் இருக்கிற ரயரும் உக்கிப்போம் எண்டு ஊரிலை எல்லாரும் காரைத் தூக்கிக் குத்தியிலை வைச்சம். அந்த நேரம் பங்கர் வெட்டிறதுக்கு வீட்டுக்கு வீடு பனை தறிச்சது. மச்சானின்ரை பங்கருக்குத் தறிச்சதிலை மிஞ்சின அடிப்பனையிலை நான்தான் நாலு குத்தி அறுத்தன். முழங்கால் உயரம். ரெண்டு தலைப்பையும் மட்டம் பார்த்துச் சீவி, கழிவு ஒயில் பூசி, காரின்ரை நாலு மூலைக்கும் நிமித்தி வைச்சன். "இது வைரம், மச்சான். எங்களைச் சுடலைக்குக் கொண்டு போனாப்பிறகும் இது நிக்கும்" எண்டு பெரிசாய்ச் சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி குடிச்சனான்.

பிறகு இடம்பெயர்ந்து போனம். திரும்பி வரேக்கை வீட்டுக்குக் கூரை இல்லை, கிணத்துக்குக் கட்டில்லை, வேலி இருந்த இடமே தெரியேல்லை. அந்த வளவிலை கார் மட்டும் நாலு குத்தியிலையும் விட்டபடி நிண்டுது. மச்சான் போய்க் குத்தியைத் தடவிப்போட்டு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதார். வீடு போனதுக்கு அழாத மனிசன். அதுக்குப் பிறகு வீட்டுக்கு ஆர் வந்தாலும் அந்தக் கதை சொல்லாமல் விடமாட்டார். காலப்போக்கிலை கார் பழைய இரும்புக்குப் போட்டுது. குத்தி நாலையும் மாட்டுக்கொட்டில் மூலையிலை நிமித்தி வைச்சினம், எறிய மனம் வரேல்லை. அந்தக் கார் ஒரு தொன்னும் வராத கார் எண்டதை எல்லாரும் மறந்துபோனம்.

போன வரியம் லண்டனிலை இருக்கிற அவையின்ரை மகன், தான் வந்து நிக்கேக்கை ஓட எண்டு ஒரு ஜீப் வாங்கி அதே வளவிலை விட்டான். மச்சான் பென்சன் எடுத்த மனிசன், பொழுது போகவேணும். போனிலை வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு கொப்பி முழுக்க நம்பர் போட்டு எழுதி வைச்சிருந்தார். ஒரு பின்னேரம் அந்தக் கொப்பியோடை என்னட்டை வந்தார்.

"மச்சான், முன்சில்லிலை கீச்செண்டு ஒரு சத்தம். பிரேக் தேஞ்சுபோச்சுப் போலை. நானே மாத்தப்போறன்."

"கராச்சுக்குக் கொண்டு போங்கோவன். உங்களுக்கு ஏன் உந்த வேலை?"

"ஏன், எனக்குக் கை இல்லையே?"

சரியெண்டு நான் சொல்லத் தொடங்கினன், மேலை எழுதின அவ்வளவும். ஒவ்வொண்டுக்கும் "ஓம், ஆனால் வீடியோவிலை அவன் சொல்லுறான்..." எண்டு இடையிலை வெட்டினார். நான் ஜக் இஞ்சை குடுக்கவேணும் எண்டால், அவர் கொப்பியைப் புரட்டி இல்லை அங்கை எண்டார். நாப்பது வரியம் வாகனத்துக்குக் கீழை கிடந்தவனுக்கு ஒரு கிளாக்கர் பாடம் எடுக்கிறார்! எனக்குக் கோவம் உச்சிக்கு ஏறீட்டுது. மேலுக்குச் சிரிச்சுக்கொண்டு இருந்தன்.

அப்பதான் கேட்டார். "ஜக் புதுசாய் வாங்கீட்டன், றொலி ஜக். ஸ்ராண்ட்தான் இல்லை. உங்கடை ரெண்டையும் ஒரு நாளைக்குத் தருவியளே?"

"அது இரவல் குடுக்கிற சாமான் இல்லை."

"நான் என்ன பிறத்தியே, மச்சான்?"

"ஆரெண்டாலும் இல்லை. போமனுக்குக் குடுத்த வாக்கு."

போமனுக்குக் குடுத்த வாக்காம்! செபமாலை போமன் கேட்டிருந்தால் சுருட்டாலை என்ரை வாயிலை சுட்டிருப்பார். அந்தாள் இருந்திருந்தால் ரெண்டு ஸ்ராண்டையும் தூக்கிக்கொண்டு தானே போய் வைச்சு, தானே கீழை போயிருப்பார். எனக்கு இருந்தது வாக்குமில்லை, மண்ணுமில்லை. வீடியோக்காரனைக் கேட்டு எடு எண்ட எரிச்சல்.

மச்சானின்ரை முகம் சுருங்கிப்போச்சு. ஆனால் கனநேரம் கோவம் வைச்சிருக்கிற ஆள் இல்லை. தானே சிரிச்சார். "சரி, விடுங்கோ. நீங்கள் போட்ட பனங்குத்தி கிடக்குத்தானே. செல்லடிக்கே அசையாத சாமான்."

இந்த இடத்திலை நான் வாய் திறந்திருக்கவேணும். பனை வெளியிலைதான் வைரம், உள்ளுக்குச் சோத்தி. அந்த மெத்தெண்ட பக்கத்தைத்தான் கறையான் தேடும். இவ்வளவு காலம் மண்ணிலை நிண்ட குத்தியைத் தட்டிப் பாராமல் பாரம் ஏத்தக்கூடாது. காரின்ரை பாரம் வேறை, ஜீப்பின்ரை பாரம் வேறை. எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு வசனம் சொல்லியிருந்தால் காணும். நான் என்ன சொன்னன் தெரியுமோ? "அட, அது இன்னும் கிடக்கே? அப்ப என்ன, அது வைரமல்லோ" எண்டன். என்ரை குத்தியைப் புகழ்ந்தது அப்பிடி இனிச்சுது. மச்சான் கொப்பியை எடுத்துப் பனங்குத்தி எண்டு எழுதி, பக்கத்திலை ஒரு சரி போட்டுக்கொண்டு போனார்.

ஆறாம் நாள் காலமை பத்து மணியிருக்கும். முதல் நாள் இரவிரவாய் மழை. ராணி போன் எடுத்தாள். "அண்ணை, ஓடி வாங்கோ, இவர் ஜீப்புக்குக் கீழை" எண்டு கத்தினாள். நான் முன்வீட்டு ஓட்டோவைக் கூப்பிட்டு என்ரை போத்தல் ஜக்கு, மூண்டு பலகை, அலவாங்கு, அந்த ரெண்டு ஸ்ராண்ட் எல்லாத்தையும் ஏத்தினன். கேட்டபோது குடுக்காத சாமான், கேக்காமலே ஏறிச்சுது.

போய்ப் பார்த்தால் ஜீப்பின்ரை முன்பக்கம் இடப்பக்கமாய் நிலத்திலை குத்திக்கொண்டு கிடக்கு. கழட்டின சில்லைக் கழுவித் துடைச்சு முருங்கை மரத்தோடை சாத்தி வைச்சிருக்கிறார். கிளாக்கர் எல்லோ, எல்லாம் ஒழுங்கு. புது ஜக்கை இழுத்தெடுத்து அதையும் மரத்தடியிலை ஓரமாய் வைச்சிருக்கிறார். குத்தி நம்பிக்கையான சாமான், ஜக் ஏன் இடத்தை அடைக்குது எண்டு நினைச்சிருப்பார். கால் ரெண்டும் வெளியிலை. உடுத்தின சாரம் செம்மண்ணிலை ஊறிக் கிடந்துது.

அயலுக்கை ஏழெட்டுப் பேர் சேர்ந்து, ஒண்டு ரெண்டு மூண்டு சொல்லித் தூக்க ஆயத்தமாய் நிக்கினம். "கையை எடுங்கோ! ஒருத்தரும் தொடாதையுங்கோ!" எண்டு கத்தின கத்திலை எல்லாரும் திரும்பிச்சினம். ஒருத்தன்ரை கை சறுக்கினால் ஜீப் அவருக்கு மேலை ரெண்டாந்தரம் விழும். அது அவைக்குத் தெரியாது. நல்ல மனத்தோடைதான் நிண்டவை.

முதலிலை பின்சில்லு ரெண்டுக்கும் அடை வைச்சன். செம்மண் களியை அலவாங்காலை வழிச்சு, பலகையைப் போட்டு, காலாலை மிதிச்சுப் பார்த்தன். பலகைக்கு மேலை ஜக்கை அடிச்சட்டத்துக்கு நேரே குடுத்தன். மெல்ல மெல்ல அடிச்சன். ரெண்டு விரல் உயர்ந்தவுடனை பக்கத்திலை இன்னொரு பலகையிலை ஸ்ராண்டைத் தள்ளிப் பல்லை ஏத்தி ஊசி போட்டன். திரும்ப அடி, திரும்பப் பல்லு. ஜக் கைவிட்டாலும் ஏறினது இறங்கக்கூடாது. கை நடுங்கினதோ எண்டு பிறகு கனபேர் கேட்டினம். நடுங்கேல்லை. நடுங்கியிருந்தால் எனக்கு என்னிலை கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

கீழையிருந்து குரல் வந்துது. "ஆரது? மச்சானே?"

"ஓம், நான்தான். கதையாதையுங்கோ."

"அப்ப சரி" எண்டார்.

மற்ற ஸ்ராண்டையும் பலகை போட்டுக் குடுத்து, இடுப்பாலை இடிச்சுப் பார்த்தன். ஆர் கீழை போறது எண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தினம். வைச்சவன் நான், நான்தான் போகவேணும். முதுகு நிலத்திலை படப் பூந்து, அவற்றை கைக்குக் கீழாலை பிடிச்சன். அப்பதான் கண்டன். அவற்றை தலைக்குப் பக்கத்திலை குத்தி பிளந்து கிடந்துது. வெளியிலை ஒரு விரல் மொத்தத்துக்குக் கறுத்த கோது. உள்ளுக்கு முழுக்கக் கறையான் மண். மேல் தலைப்பிலை நான் பூசின ஒயில் இன்னும் கறுப்பாய்க் கிடக்கு. அதையும் அறுத்து வைச்சவன் நான்தான். அதுக்குக் கீழை போனது அவர்.

அம்புலன்ஸ் வந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போச்சு. முழுச் சனமும் படலைக்கு ஓட, நான் முற்றத்திலை தனிய நிண்டன். நிண்டு என்ன செய்தன் எண்டு இதுவரை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பிளந்த குத்தியை ஒரு சாக்கிலை போட்டுக் கட்டி, வந்த ஓட்டோவிலையே வீட்டை கொண்டு வந்து, கிணத்தடியிலை வைச்சு எரிச்சன். ஒயில் பூசின தலைப்பு கடைசிமட்டும் எரிஞ்சுகொண்டு கிடந்துது. என்னெண்டு நடந்தது எண்டு கேட்டவைக்கு, "மலிவு ஜக், வழுக்கீட்டுது" எண்டன். அந்த ஜக் ஒரு பிழையும் செய்யேல்லை. அது மரத்தடியிலை சும்மா கிடந்தது.

மச்சான் உயிர் தப்பினார். இடுப்பெலும்பு நொருங்கி, நரம்பு போச்சு. இனி நடக்கமாட்டார் எண்டு டொக்டர் சொல்லீட்டார். தள்ளு கதிரையிலை யன்னலடியிலை இருக்கிறார். கொப்பியும் பேனையும் பக்கத்திலை கிடக்கும், எழுதிறதுக்கு ஒண்டுமில்லை.

ஊர் எனக்கு விழா எடுத்துது. சனசமூக நிலையத்திலை பொன்னாடை போர்த்தி, பேசச் சொல்லிச்சினம். மலிவான ஜக்குகளை வாங்காதையுங்கோ எண்டு நானும் பேசினன், வெக்கமில்லாமல். கைதட்டினாங்கள். ராணி வெள்ளிக்கு வெள்ளி கீரிமலைக்குப் போய் என்ரை பேர் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்யிறாள். தன்ரை புருசனுக்கு முதல் எனக்குச் சொல்லுறாளாம். திருநீறைக் கொண்டு வந்து என்ரை நெத்தியிலை பூசேக்கை எனக்கு நெருப்புப் பட்ட மாதிரி இருக்கும்.

மச்சானுக்குத் தெரியும். ஒருநாள் பார்க்க வந்த ஒருத்தர், "என்னெண்டப்பா விழுந்தது?" எண்டு தோண்டித் தோண்டிக் கேட்டார். ராணி தேத்தண்ணியோடை நிக்கிறாள். மச்சான் என்னை ஒருக்கால் பார்த்தார். குத்தி பிளந்த சத்தம் காதுக்குப் பக்கத்திலை கேட்ட மனிசன். ஸ்ராண்ட் கேட்டு வெறுங்கையோடை போன மனிசன். "ஜக்தான் வழுக்கினது" எண்டார். சொல்லிப்போட்டு யன்னலுக்கு வெளியிலை திரும்பிக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் நான் நித்திரை கொண்டிருப்பன்.

ஜீப் இன்னும் என்ரை ரெண்டு ஸ்ராண்டிலையும் அவையின்ரை முற்றத்திலைதான் நிக்குது. மகன் வில் எண்டான், ராணி விடேல்லை. இவர் எழும்பி நடக்கட்டும் பார்ப்பம் எண்டு அவள் இன்னும் நம்புறாள். படலையைத் திறந்தால் முதல் கண்ணிலை படுறது அந்த ஸ்ராண்ட் ரெண்டும்தான்.

போன கிழமை ராணி, "அண்ணை, மலரிலை உங்கடை கட்டுரை வருதாமே. நான் ஒரு புத்தகம் வாங்கிச் சாமியறையிலை வைக்கப்போறன்" எண்டாள். அண்டைக்குத்தான் பேனையை எடுத்தன். இதுக்கு மேலை இருக்கிற அவ்வளவையும் எழுதி, செயலாளருக்குக் குடுக்க முந்தி அவளிட்டைக் கொண்டுபோய்க் குடுத்தன். குசினி வாசல்படியிலை இருந்து வாசிச்சாள். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டுத் திரும்ப முதலிலையிருந்து வாசிச்சாள். உள்ளை போய் மச்சானிட்டை, "உண்மையே?" எண்டு கேட்டது எனக்குக் கேட்டுது. தள்ளு கதிரை யன்னல் பக்கம் திரும்பின சத்தம்தான் வந்துது.

வெளியிலை வந்தாள். அழேல்லை. தாளை மடிச்சு என்ரை கையிலை தந்தாள்.

"அந்த ரெண்டு ஸ்ராண்டையும் எடுத்துக்கொண்டு போங்கோ அண்ணை. எங்களுக்கு இரவல் சாமான் வேண்டாம்."

அடுத்த நாள் காலமை போனன். பலகை போட்டு, ஜக் அடிச்சு, முருங்கையடியிலை நிண்ட சில்லை உருட்டிக்கொண்டு வந்து பூட்டினன். ஸ்ராண்டை இழுத்துப்போட்டு ஜீப்பை மெல்ல நிலத்திலை விட்டன். கை குடுக்க ஒருத்தரும் வரேல்லை. ரெண்டையும் ஒவ்வொண்டாய்த் தூக்கி ஓட்டோவிலை ஏத்தேக்கை, மச்சான் யன்னலுக்காலை, "கவனம் மச்சான், பாரம்" எண்டார். நான் திரும்பிப் பார்க்கேல்லை. படலையைச் சாத்தினது ராணி.